ஜீயினா, சோயாவா, பட்டாணியா? தாவரப் புரத நானோதுகளைத் தேர்வு செய்யும் முன்

வார்த்தைகள் மாறினாலும் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இதுதான்: "குர்க்குமினைப் பொதிக்க வேண்டும். ஜீயினில் 95 சதவீதம் பொதிகிறது என்கிறது ஒரு கட்டுரை, சோயாவில் 97 என்கிறது இன்னொன்று. எதை எடுக்கலாம்?" குர்க்குமின் என்பது மஞ்சளின் நிறப்பொருள், ஜீயின் மக்காச்சோளத்தின் புரதம். கேட்பவர் ஆய்வு மாணவராக இருப்பார், அல்லது ஒரு சத்துப் பானத்தையோ தோல் பூச்சையோ உருவாக்கிக்கொண்டிருப்பார். நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றேதான்: அந்தத் துகள் கடைசியில் எதில் போய் உட்காரப் போகிறது? பெரும்பாலானோரிடம் இதற்குப் பதில் இருப்பதில்லை. வண்டியை வாங்கிவிட்டு, ஊருக்குச் சாலை இருக்கிறதா என்று பிறகு விசாரிக்கிற கதைதான்.

நீரில் கரையாத, ஒளியிலும் வெப்பத்திலும் சிதைகிற, குடலில் சரியாக உறிஞ்சப்படாத உயிர்ச்செயல் சேர்மங்கள் ஏராளம். குர்க்குமின், ரெஸ்வெரட்ரால், குவெர்செட்டின், பீட்டா கரோட்டின், வைட்டமின் டி எல்லாம் இந்த வகை. இவற்றை 100 முதல் 300 நானோமீட்டர் அளவுள்ள புரத உருண்டைக்குள் அடைத்தால் நீரில் சீராகப் பரவும், சிதைவதும் குறையும். தாவரப் புரதங்கள் உண்ணத்தக்கவை, புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து வருபவை, உடலில் செரித்துப்போபவை. இவ்வளவும் எல்லாக் கட்டுரைகளின் முதல் பத்தியிலும் இருக்கும். எந்தப் புரதம் எங்கே காலை வாரும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

## முதலில் அளவுகோல்கள்

சரக்கின் இயல்பு. உள்ளே ஏற்றப்போகும் சேர்மம் நீரை வெறுப்பதா, விரும்புவதா? எத்தனாலில் கரையுமா? காரத்தில் மின்னேற்றம் பெற்றுக் கரையுமா? இந்த மூன்று கேள்விகளுமே தயாரிப்பு முறையைப் பாதி முடிவு செய்துவிடும். குர்க்குமினிலும் குவெர்செட்டினிலும் காரத்தில் மின்னேற்றம் பெறும் ஃபீனால் தொகுதிகள் இருப்பதால் பிஎச் 12 இல் அவை கரைந்துவிடும். பீட்டா கரோட்டினிலோ வைட்டமின் டி3 இலோ அப்படி எதுவும் இல்லை. எவ்வளவு காரம் ஊற்றினாலும் அவை அசையாது. தேயிலைக் கேட்டச்சின்கள் நேரெதிர். நீரில் நன்றாகவே கரைவதால், துகள் உருவாகும்போதே வெளியே நழுவிவிடப் பார்க்கும்.

சேருமிடம். பானமா, பொடியா, களிம்பா? அதன் பிஎச் என்ன, உப்பு எவ்வளவு, எத்தனை டிகிரிக்குச் சூடாக்கப் போகிறார்கள்? ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு சமமின் புள்ளி உண்டு. அந்தப் பிஎச்சில் அதன் நேர், எதிர் மின்னேற்றங்கள் சமமாகி, துகள்கள் ஒன்றையொன்று தள்ளாமல் ஒட்டிக்கொள்ளும். சோயாவுக்கும் பட்டாணிக்கும் இது 4.5 ஐ ஒட்டியது, ஜீயினுக்கு 6.2 ஐ ஒட்டியது. இந்த இரண்டு எண்களைத் தெரிந்துவைத்திருப்பவர் பாதிக்குப் பாதி தவறுகளிலிருந்து தப்பிவிடுவார்.

சுமையளவு. பொதித்தல் திறன் என்பது வேறு, சுமையளவு என்பது வேறு. நீங்கள் போட்ட குர்க்குமினில் எத்தனை சதவீதம் உள்ளே போனது என்பது முன்னது; துகளின் மொத்த எடையில் குர்க்குமின் எத்தனை சதவீதம் என்பது பின்னது. 95 சதவீதப் பொதித்தல் திறனோடு 3 சதவீதச் சுமையளவு வருவது சாதாரணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மில்லிகிராம் குர்க்குமினைக் கொடுக்க 3.3 கிராம் துகள் வேண்டும். துகள் 0.5 சதவீதச் செறிவில் நீரில் மிதக்கிறது என்றால், அந்த ஒரு வேளை அளவுக்குக் கிட்டத்தட்ட 670 மில்லிலிட்டர் குடிக்க வேண்டும்! சுமையளவை 10 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் ஒரு கிராம் துகள், 200 மில்லிலிட்டர். எந்தக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். பல கட்டுரைகளில் இதைத் துணைத் தரவுகளில்கூடக் காண முடியாது.

பொதித்தல் திறனை நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மையவிலக்கியில் சுழற்றி, மேலே நிற்கும் நீரில் எஞ்சிய குர்க்குமினை அளந்து, "இவ்வளவுதான் வெளியே இருக்கிறது" என்று கழிப்பதுதான் பலரும் செய்வது. குர்க்குமின் நீரில் கரையவே கரையாது. உள்ளே போகாதது படிகமாகித் துகள்களோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும். மேல்நீரில் எப்போதுமே ஒன்றும் இருக்காது, திறன் எப்போதுமே 98 அல்லது 99 காட்டும். துகளே இல்லாமல் வெறும் நீரில் குர்க்குமினை ஊற்றி இதே சோதனையைச் செய்தாலும் அதே எண்தான் கிடைக்கும்.

உலர்ந்து மீளுமா? நீரில் மிதக்கும்வரை அழகாக இருக்கும் பல துகள்கள், உலர்த்திப் பொடியாக்கி மீண்டும் நீரில் போட்டால் கட்டிகட்டியாக நிற்கும். கிடங்கில் மாதக்கணக்கில் இருக்க வேண்டிய பொருளுக்கு இதுதான் வாழ்வா சாவா.

எங்கே அவிழ வேண்டும்? சரக்கு வெளிவர வேண்டியது இரைப்பையிலா, சிறுகுடலிலா, தோலின் மேலா என்பதும் ஒரு அளவுகோல்.

ஒவ்வாமையும் லேபிளும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமை மூலங்களில் சோயாவும் பசையம் (குளூட்டன்) உள்ள தானியங்களும் உண்டு. மக்காச்சோளமும் பட்டாணியும் அந்தப் பட்டியலில் இல்லை.

செலவு. மூலப்பொருளின் விலை இதில் சின்னப் பங்குதான். பெரிய பங்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிறகு சொல்கிறேன்.

## ஒரே பார்வையில்

| | ஜீயின் | சோயா | பட்டாணி | கிளையடின் |
|---|---|---|---|---|
| மூலம் | மக்காச்சோளம் | சோயா அவரை | பட்டாணி | கோதுமை |
| எதில் கரையும் | 60–90% எத்தனால் | நீர், உப்புநீர் (பிஎச் 7 இல்) | நீர், உப்புநீர் (கொஞ்சம் முரண்டு பிடிக்கும்) | 70% எத்தனால் |
| தொல்லை தரும் பிஎச் | 6 ஐ ஒட்டி | 4–5 | 4–5 | 6–7 |
| இயல்பான தயாரிப்பு | எதிர்க்கரைப்பான் (எத்தனால் கரைசலை நீரில் ஊற்றுதல்) | வெப்பம், கால்சியம், பிஎச் மாற்றம், எத்தனால் | பிஎச் மாற்றம், உயரழுத்தம், மீயொலி | எதிர்க்கரைப்பான் |
| நீர்வெறுப்புச் சரக்கு | மிக நன்று | நன்று | நன்று | மிக நன்று |
| தனியாக உலர்ந்து மீளல் | மோசம் | பரவாயில்லை | பரவாயில்லை | மோசம் |
| ஒவ்வாமைச் சிக்கல் | குறைவு | உண்டு | குறைவு, ஆனால் பூஜ்யமில்லை | கடுமை |
| மறைந்த செலவு | எத்தனால், நிலைப்படுத்தி | வாசம், லேபிள் | தொகுதிக்குத் தொகுதி மாறும் தரம் | சந்தையே சுருங்கும் |

## ஜீயின்: வல்லவன், ஆனால் தனியாக நிற்க மாட்டான்

1821 இல் ஜான் கோரம் மக்காச்சோளத்திலிருந்து பிரித்துப் பெயர் வைத்த புரதம் இது. (மரபணுவைச் சொல்லும் ஜீனோடு குழம்பாமலிருக்க 'ஜீயின்' என்றே எழுதுகிறேன்.) இதன் அமினோ அமிலங்களில் பாதிக்கு மேல் நீரை வெறுப்பவை. லியூசின், புரோலின், அலனின் நிறைய. லைசின் ஏறக்குறைய இல்லவே இல்லை. சத்தாகப் பார்த்தால் குறையுள்ள புரதம், துகளாகப் பார்த்தால் தங்கம். எத்தனாலில் கரைத்து நீரில் ஊற்றினால் போதும், தானே உருண்டையாகிவிடும். குர்க்குமின் அதே எத்தனாலில் கரைந்திருந்தால் அதுவும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஒரு காந்தக் கலக்கியும் ஒரு பீக்கரும் இருந்தால் ஒரு பிற்பகலில் 150 நானோமீட்டர் துகள் கையில் இருக்கும். ஆய்வகங்கள் ஜீயினை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

பிஎச் 3–4 இல், உப்பு குறைவாக இருந்தால், இந்தத் துகள்கள் நல்ல நேர் மின்னேற்றத்தோடு வாரக்கணக்கில் நிற்கும். பிஎச் 6 ஐ நெருங்கினாலோ ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்தாலோ கதை மாறிவிடும். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது, அமிலத்தில் அழகாக இருந்த துகளைப் பாஸ்பேட் கரைசலில் ஊற்றினேன். ஒரு நிமிடத்தில் கலக்கியின் காந்தக் கட்டையைச் சுற்றி மஞ்சள் சூயிங்கம் மாதிரி ஒரு உருண்டை. அதைச் சுரண்டி எடுக்க அரைநாள் ஆனது.

அதனால் ஜீயினுக்கு எப்போதும் ஒரு துணை வேண்டும். அதிகம் புழங்குவது சோடியம் கேசினேட். ஜீயின் உருண்டையின் மேல் அது ஒரு போர்வை போலப் படிந்து, நடுநிலை பிஎச்சிலும் துகளைக் காக்கும். உலர்த்தினாலும் மீண்டும் பரவவைக்கும். வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கேசினேட் பாலிலிருந்து வருவது. விலங்குப் பொருள் வேண்டாம் என்றுதானே தாவரப் புரதத்துக்கு வந்தோம்? லேபிளில் பால் ஒவ்வாமை எச்சரிக்கை திரும்பவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். போதாக்குறைக்குக் கேசினேட்டின் சமமின் புள்ளி 4.6 ஐ ஒட்டியது என்பதால், ஜீயின் தனியாகவே நன்றாக நின்ற அமிலப் பகுதியில் இந்தப் போர்வை கட்டி தட்டத் தொடங்கும். அமிலப் பானத்துக்குப் பெக்டின் (பழங்களில் கிடைக்கும் கூழ்ப்பொருள்) போர்வைதான் சரி: பிஎச் 4 இல் பெக்டின் எதிர்மின், ஜீயின் நேர்மின், இரண்டும் இறுகப் பிடித்துக்கொள்ளும். நடுநிலைப் பொருளுக்கு விலங்குப் பொருள் இல்லாமல் வேண்டுமென்றால் கருவேலம் பிசினை முயலலாம்.

செரிமானத்தில் ஜீயின் மெதுவானது. இரைப்பையின் பெப்சினுக்கு அவ்வளவு எளிதில் மசியாது. சிறுகுடல்வரை சரக்கைக் கொண்டுபோக வேண்டும் என்பவருக்கு இது வரம்.

ஜீயின் வெல்லும் இடம்: நீரை நன்றாக வெறுக்கும் சரக்கு, அமிலப் பொருள் அல்லது போர்வை போட்டு உலர்த்திய பொடி, எத்தனால் கையாளும் வசதி உள்ள கூடம்.

## சோயா: பழகிய கை

சோயாவின் சேமிப்புப் புரதங்களில் முக்கியமானவை இரண்டு. ஆறு துணையலகுகள் கொண்ட, 320 முதல் 360 கிலோடால்டன்வரை எடையுள்ள கிளைசினின். மூன்று துணையலகுகள் கொண்ட, அதில் பாதி எடையுள்ள பீட்டா கான்கிளைசினின். இரண்டும் இறுக்கமாகச் சுருண்ட குளோபுலின்கள். சரக்கை உள்ளே ஏற்ற வேண்டுமானால் முதலில் இவற்றைக் கொஞ்சம் பிரிக்க வேண்டும், நீர்வெறுப்புப் பக்கங்கள் வெளியே தெரிய வேண்டும். வெப்பம், காரம், எத்தனால், மீயொலி என்று ஏதாவது ஒன்று அதைச் செய்யும். பீட்டா கான்கிளைசினின் 70–75 டிகிரியிலேயே விரியத் தொடங்கும். கிளைசினினுக்கு 85–95 டிகிரி வேண்டும். இரண்டில் எந்தப் புரதத்தை விரிக்கிறோம் என்பதை வெப்பநிலையை வைத்தே ஓரளவு தீர்மானிக்கலாம் என்பது சோயாவில் எனக்குப் பிடித்த விஷயம்.

எத்தனாலால் வீழ்படிவாக்கும் பழைய முறையில் துகளை இறுக்கக் குளூட்டரால்டிஹைடு என்ற நச்சு வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். கட்டுரையில் படம் அழகாக வரும். வாயில் போகிற பொருளில் அதற்கு இடமில்லை. உணவுக்கு என்றால் டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதி, கால்சியம், அல்லது வெறும் வெப்பம். ஒரு ஆய்வைப் பின்பற்றும் முன் குறுக்குப் பிணைப்புக்கு (அதாவது துகளை இறுக்க) என்ன போட்டிருக்கிறார்கள் என்று செய்முறைப் பகுதியில் பார்த்துவிடுங்கள். சுருக்கத்தில் அதைச் சொல்லவே மாட்டார்கள்.

பிஎச் 7 இல் சோயாத் துகள் எதிர்மின்னோடு நன்றாக நிற்கும், உப்பையும் ஜீயினைவிடப் பொறுத்துக்கொள்ளும். பிஎச் 4–5 இல் கலங்கிப் படியும். உணவுத் துறை பல பத்தாண்டுகளாகப் புழங்கிய புரதம் என்பதால் 90 சதவீதத் தூய்மையுள்ள ஐசொலேட் (பிரித்தெடுத்த புரதப் பொடி) எளிதாக, மலிவாகக் கிடைக்கும். குறைகளும் பழகியவைதான்: அவரை வாசம், லேசான கசப்பு, ஒவ்வாமை அறிவிப்பு.

சோயா வெல்லும் இடம்: நடுநிலைப் பானம், பெரிய அளவு உற்பத்தி, குறைந்த செலவு, லேபிளில் சோயா இருப்பதைப் பற்றிக் கவலைப்படாத பயனாளர்.

## பட்டாணி: லேபிளுக்கு அழகு, கூடத்துக்குத் தலைவலி

பட்டாணியின் முக்கியப் புரதங்களான லெகுமினும் விசிலினும் சோயாவின் இரு புரதங்களுக்கு நெருங்கிய உறவினர்கள்தான். சமமின் புள்ளியும் ஏறக்குறைய அதே. அப்படியானால் ஏன் பட்டாணி? மரபணு மாற்றம் பற்றிய கேள்வி எழாது, ஒவ்வாமைப் பட்டியல்களில் பெரும்பாலும் இருக்காது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள சிலருக்குப் பட்டாணியும் ஒத்துக்கொள்ளாது என்பதை மட்டும் மனதில் வைக்க வேண்டும். பருப்பு வகைகள் எல்லாம் ஒரே குடும்பம்.

சிக்கல் ஐசொலேட்டில் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் பலர் பட்டாணி மாவிலிருந்து தாங்களே மிருதுவாகப் புரதத்தைப் பிரித்திருப்பார்கள். கடையில் கிடைக்கும் மூட்டை, ஆலையில் அமிலமும் காரமும் சூடும் பட்டு, தெளித்துலர்த்தப்பட்டு வந்தது. அதன் கணிசமான பகுதி நீரில் கரையவே மறுக்கும். கட்டுரையின் செய்முறையை வரிக்கு வரி பின்பற்றியும் 120 நானோமீட்டருக்குப் பதில் ஒரு மைக்ரோமீட்டர் கட்டிகள் வருகின்றன என்று புலம்புபவர்களிடம் நான் கேட்பது, "மூட்டையில் எழுதியிருக்கும் தொகுதி எண் என்ன, போன தடவையும் அதேதானா?" என்பதுதான்.

பட்டாணியின் மறுவாழ்வு பிஎச் மாற்ற முறையில் இருக்கிறது. புரதத்தைப் பிஎச் 12 க்குக் கொண்டுபோனால் அது விரிந்து கரைகிறது. குர்க்குமினும் அதே பிஎச்சில் கரைகிறது. இரண்டையும் கலந்து 7 க்கு இறக்கும்போது புரதம் மீண்டும் சுருள, நீரைப் பிடிக்காத குர்க்குமின் அதன் மடிப்புகளுக்குள் ஒதுங்குகிறது. எத்தனால் ஒரு துளிகூட வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த முறை இது. இதற்கும் ஒரு விலை உண்டு. குர்க்குமின் காரத்தில் நெடுநேரம் தாங்காது. நிமிடக் கணக்கில் வேலையை முடிக்க வேண்டும். புரதத்தை நீண்ட நேரம் காரத்தில் ஊறவிட்டால் லைசினோஅலனின் போன்ற வேண்டாத பொருள்கள் உருவாகும். நடுநிலையாக்கும்போது உப்பும் உண்டாகும்: பிஎச் 12 இலிருந்து இறங்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 0.6 கிராம், புரதமே விழுங்கிக்கொள்ளும் காரத்தையும் சேர்த்தால் அதற்கு மேல். மேலே சொன்னதுபோல், பீட்டா கரோட்டினுக்கும் வைட்டமின் டிக்கும் இந்த வழி அடைப்பு.

பட்டாணி வெல்லும் இடம்: ஃபீனால் வகைச் சரக்கு, நடுநிலைப் பொருள், எத்தனாலும் ஒவ்வாமை அறிவிப்பும் கூடாது என்ற நிபந்தனை, உயரழுத்தச் சீராக்கியோ மீயொலிக் கருவியோ உள்ள கூடம்.

## கிளையடின்: ஒட்டும் குணம்

கோதுமைப் பசையத்தின் எத்தனாலில் கரையும் பகுதி. தயாரிப்பில் ஜீயினின் உடன்பிறப்பு. தனிச் சிறப்பு, சளிச்சவ்வில் ஒட்டிக்கொள்வது. இரைப்பைச் சுவரில் மருந்து கொஞ்ச நேரம் தங்க வேண்டும் என்ற ஆய்வுகளில் இது பெயர் வாங்கியது அதனால்தான்.

உணவுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. உலகில் ஏறக்குறைய நூறில் ஒருவருக்குச் சீலியாக் நோய் (பசையத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) உண்டு. அந்த நோயைத் தூண்டுவதே கிளையடின்தான். 'பசையம் இல்லாதது' என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் பசையம் இருக்கக் கூடாது என்பது சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வரம்பு, கிளையடின் துகளுக்கு அது எட்டாக் கனி. தோல் பூச்சுக்கு என்றால் பாதுகாப்பானது என்றும் எண்ணிவிட வேண்டாம். ஜப்பானில் ஒரு முகச்சோப்பில் சேர்த்த, நீரால் பகுக்கப்பட்ட கோதுமைப் புரதத்தால் ஏராளமானோருக்குக் கோதுமை ஒவ்வாமையே புதிதாக வந்துசேர்ந்தது. தோல் வழியே நுழைந்த புரதம், அதன்பின் அவர்களைச் சாப்பாட்டுக்கும் எதிரியாக்கியது.

## ஓரத்தில் நிற்பவை

உருளைக்கிழங்கின் பட்டாட்டின் நீரில் நன்றாகக் கரையும், ஒவ்வாமைப் பட்டியல்களில் இல்லை. 60 டிகிரியை ஒட்டியே விரிந்துவிடுவதால் மென்மையான வெப்பத்தில் துகள் செய்யலாம். கிளைக்கோஆல்கலாய்டு என்ற நச்சுகள் நீக்கப்பட்ட உணவுத் தரம் தேவை. அரிசிப் புரதம் ஒவ்வாமையில் சாது, கரைவதில் அடம். கடுகு இனத்து எண்ணெய்வித்தான கனோலாவின் நாப்பின் மிகச் சிறியது, பெரும்பாலான பிஎச்சில் நேர்மின் கொண்டது. கடுகு ஒவ்வாமைக்காரர்களை மறக்கக் கூடாது.

ஃபெரிட்டினைப் பற்றி ஒரு வார்த்தை, அழகுக்காகவே. பருப்பு விதைகளில் இரும்பைச் சேமிக்கும் இந்தப் புரதம், 24 துணையலகுகள் சேர்ந்த ஒரு கூண்டு: வெளிவிட்டம் 12 நானோமீட்டர், உள்ளே 8. பிஎச் 2 இல் கூண்டு கழன்றுவிடும், 7 க்குத் திரும்பினால் தானே கூடிக்கொள்ளும். இடையில் சரக்கை விட்டால் உள்ளே அடைபட்டுவிடும். இயற்கையே செய்துவைத்த பெட்டி. ஆனால் விதையில் இருப்பது துளியளவு, ஒவ்வொரு கூண்டிலும் ஏறுவதும் துளியளவு. ஆய்வேட்டுக்கு அருமை, ஆலைக்கு இல்லை.

## கணக்கில் வராத செலவுகள்

எத்தனால் முறையில் ஒரு கிலோ ஜீயின் துகள் செய்வதை எடுத்துக்கொள்வோம். 80 சதவீத எத்தனாலில் 2 சதவீதம் ஜீயினைக் கரைத்து, மூன்று பங்கு நீரில் ஊற்றுகிறோம். முடிவில் 0.5 சதவீதத் துகளுள்ள 200 லிட்டர் திரவம் கையில் இருக்கும். அதில் 40 லிட்டர் எத்தனால். அதைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கிப் பிடிக்க வேண்டும், தீப்பொறி எழாத மின்சாதனங்கள் வேண்டும், எச்சத்தை அளந்து காட்ட வேண்டும், மதக் காரணத்தால் எத்தனாலே கூடாது என்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். பிறகு மிச்சமுள்ள ஏறக்குறைய 160 லிட்டர் நீரை உலர்த்த வேண்டும். உறைந்துலர்த்தினால் துகள் பிழைக்கும், பணம் பிழைக்காது. தெளித்துலர்த்தினால் செலவு குறையும், ஆனால் வெப்பத்தையும் ஒட்டுதலையும் தாங்கப் போர்வையோ டிரெஹலோஸ் போன்ற சர்க்கரையோ சேர்க்க வேண்டும். அந்தச் சர்க்கரை உங்கள் சுமையளவை மீண்டும் கீழே இழுக்கும். புரத மூட்டையின் விலை இதற்கெல்லாம் முன்னால் ஒன்றுமே இல்லை.

பெரிய பாத்திரத்தில் துகளின் அளவு மாறிவிடும் என்பதும் உண்டு. துகள் பிறப்பது எத்தனாலும் நீரும் சந்திக்கும் மில்லிநொடிகளில். பீக்கரில் கலக்கல் வேகமாக நடக்கிறது, நூறு லிட்டர் தொட்டியில் நடப்பதில்லை. இரண்டு ஓடைகளை எதிரெதிராக மோதவிட்டுத் தொடர்ந்து கலக்கும் சிறு கலப்பான்களுக்குப் போனால் இது தீரும். அந்த முதலீட்டையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

உறிஞ்சலில் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. புரதம் குர்க்குமினை நன்றாகக் காக்கும்; பிஎச் 7.2 இல், உடல் வெப்பநிலையில், வெறும் பாஸ்பேட் கரைசலில் விடப்பட்ட குர்க்குமினில் சுமார் 90 சதவீதம் அரை மணி நேரத்தில் சிதைந்துவிடும் என்பதை நினைத்தால் அந்தக் காவலின் அருமை புரியும். ஆனால் குடலில் புரதம் செரித்து முடிந்தபின், விடுபட்ட சரக்கை ஏந்திக்கொள்ளப் பித்த உப்பும் கொழுப்பும் சேர்ந்த நுண்திரள்கள் வேண்டும். கொழுப்பே இல்லாத பொருளில் அந்தத் திரள்கள் போதுமான அளவு உருவாகாது, சரக்கு மீண்டும் படிகமாகும். இன்ஃபோஜெஸ்ட் என்ற பொதுச் செய்முறையில் (இரைப்பைக் கட்டம் பிஎச் 3 இல் 2 மணி, குடல் கட்டம் பிஎச் 7 இல் 2 மணி) சோதிக்கும்போது, கொஞ்சம் எண்ணெயோடும் எண்ணெய் இல்லாமலும் இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் பெரும்பாலும் புரதத்துக்குப் புரதம் இருப்பதைவிட அதிகமாக இருக்கும்.

ஊசி வழி மருந்துக்கு இதே துகள்களை நினைப்பவர்கள் உண்டு. 2005 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அப்ராக்ஸேன், புரத நானோதுகளால் பாக்ளிடாக்ஸெல் என்ற புற்றுநோய் மருந்தைக் கொண்டுசெல்கிறது என்பது அவர்களின் வாதம். அதிலிருப்பது மனித இரத்தப் புரதமான அல்புமின். தாவரப் புரதம் இரத்தத்துக்கு அந்நியம், நோயெதிர்ப்பு மண்டலம் அதைச் சும்மா விடாது. வாய்வழியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

## என்னைக் கேட்டால்

அமிலப் பானத்தில் குர்க்குமின்: ஜீயின், பெக்டின் போர்வையோடு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

நடுநிலைப் பானத்தில் குர்க்குமினோ குவெர்செட்டினோ: பிஎச் மாற்ற முறையில் பட்டாணி, ஒவ்வாமை அறிவிப்பு பிரச்சினை இல்லையென்றால் அதே முறையில் சோயா. ஐசொலேட்டின் தரம் சீராக இருக்கும் என்பதால் என் கை சோயாப் பக்கமே நீளும்.

மாத்திரைக்கோ கேப்சூலுக்கோ போகும் பொடி: ஜீயின். பாலைப் பற்றிக் கவலையில்லை என்றால் கேசினேட் போர்வை, இல்லையென்றால் பிசின்.

பீட்டா கரோட்டின், வைட்டமின் டி, ஒமேகா-3: நானோதுகளையே கொஞ்சம் மறந்துவிடுங்கள். இவை கொழுப்பில் கரைபவை. சோயா அல்லது பட்டாணிப் புரதத்தால் நிலைப்படுத்திய நல்ல எண்ணெய்க் குழம்பு (நீரில் நுண்துளிகளாகப் பரவிய எண்ணெய்), இவற்றை அதிக அளவில் ஏற்றும். குடலில் தேவைப்படும் கொழுப்பையும் தானே கொண்டுவரும். ஒளியிலோ ஆக்சிஜனிலோ சிதைவது தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் மட்டும் ஜீயினுக்கு வாருங்கள்.

கேட்டச்சின் போன்ற நீரில் கரையும் சரக்கு: பட்டியலில் உள்ள எதுவும் தனியாகச் சரிப்படாது. புரோலின் நிறைந்த புரதங்களோடு அவை பிணையும் என்பதால் கொஞ்சம் தங்கும், கசப்பும் துவர்ப்பும் குறையும். வெளியே கசிவதைத் தடுக்கவே முடியாது என்ற எதிர்பார்ப்போடு தொடங்குங்கள்.

எதை எடுத்தாலும் முதல் வாரத்தில் சரக்கை ஏற்றாதீர்கள். வெறும் புரதத் துகளைச் செய்து, அது கடைசியில் போய்ச் சேரும் அதே பானத்திலோ களிம்பிலோ, அதே உப்போடும் அதே பிஎச்சோடும் கலந்து, அதே வெப்பநிலைக்குச் சூடாக்கி, ஏழு நாள் அலமாரியில் வையுங்கள். எட்டாம் நாள் குப்பியைச் சாய்த்து அடியைப் பாருங்கள்.